சட்டை மாட்டும் ஆணி

பாப்பா அம்மாவுக்கு,

இருவரும் சுகம்தானே? நானும் சுகம்.

இந்த ஊர்ப் பாஷை மண்டையில் ஏறாததால், ஒவ்வொரு சொல்லையும் நம் வீட்டுச் சாமான் ஒன்றில் வைத்ததாக நினைத்து மனப்பாடம் செய்தேன். மிக்ஸியில் ‘வேகமாக’, பீரோவில் ‘நிறுத்து’.

போன வாரம் வீடியோவில், “பீரோவ நகத்திட்டேன், ரூம் எவ்ளோ பெருசாயிடுச்சு பாருங்க” என்றாய். மறுநாள் மெஷினில் கிளவுஸ் சிக்கியபோது, மனசில் பீரோ இருந்த இடம் காலி. ‘வேகமாக’ என்று கத்தினேன். பக்கத்து ஆளும் வேகத்தைக் கூட்டிவிட்டான். விரலில் சின்னக் கட்டுதான், பயப்படாதே.

பாஷைப் பரீட்சையிலும் மறுபடி கோட்டை விட்டேன். இனி தேற மாட்டேன்.

கதவுக்குப் பின்னால் என் சட்டை மாட்டும் ஆணியை மட்டும் பிடுங்கிவிடாதே. ‘ஊருக்குப் போகணும்’ அதில்தான் தொங்குகிறது. மூன்று வருஷமாக அதை எடுக்க வேளை வரவில்லை.

பஸ் வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்