செவ்வாயில் அலையடித்த பாறை

மார்ச் 4
செவ்வாய்க் கிரகத்தில் நிற்கும் எங்கள் ஆய்வு வண்டி அனுப்பிய படத்தில் ஒரு பாறை. மேலே வரிவரியாக மடிப்பு. தண்ணீர் அலை போட்ட வரி என்று எனக்குப் பட்டது. கூட்டத்தில் சொன்னேன். தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காத்தும்தான் மண்ணுல வரி போடும். உங்களுக்கு எதைப் பார்த்தாலும் தண்ணிதானா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரக் கடைசியில் வண்டி சரிவில் இறங்குகிறது. இறங்கினால் திரும்ப ஏறாது. அந்தப் பாறை போச்சு.

மார்ச் 5
காற்றின் வரி ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் செங்குத்து. முன்னும் பின்னும் ஆடிய அலை என்றால் இரண்டு பக்கமும் ஒரே சரிவு. ஆனால் படத்தில் தெரிய வேண்டுமே! பேட்டரி தெம்பாக இருக்கும் என்று நாங்கள் எடுப்பதெல்லாம் உச்சி வெயிலில். நிழலே விழாமல் மேடு ஏது, பள்ளம் ஏது? இது ஏன் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை — என் மண்டையையும் சேர்த்துத்தான்.

வெயில் சாய்ந்திருக்கும் காலையில் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம்; இரண்டு பக்கச் சரிவும் நிழலில் தெரிந்துவிடும். போதும்.

மார்ச் 6
வண்டி ஓட்டும் பொறியாளரிடம் கெஞ்சினேன். "சாயங்காலம் எடுத்தா ராத்திரி குளிருக்கு சார்ஜ் பத்தாதுக்கா. வண்டி விறைச்சுப் போச்சுன்னா என் தலைதான் உருளும்" என்றாள். பகலில் ஓட்டாமல் மிச்சம் பிடிக்கலாமே என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தாள். "சரி, தலைவர்கிட்ட நீங்களே பேசுங்க. அவர் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

பேசினேன். "ஒண்ணுமில்லன்னா, இனிமே தண்ணின்னு வாயைத் திறக்கக் கூடாது" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஐயோ, எதுக்குச் சொன்னேன்?

மார்ச் 7
சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் சொல்கிறார்: "செவ்வாய்ல தண்ணி இருக்கோ இல்லையோ, நம்ம குழாய்ல காலையிலேருந்து இல்ல. அதைப் பாரு முதல்ல." இந்த மனுஷனை என்ன செய்ய!

மார்ச் 8
வந்துடுச்சு! வந்துடுச்சு! காலையில் நிழல் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம், இரண்டும் ஒரே அகலம். அளந்தேன். நம்பாமல் திரும்ப அளந்தேன். அலைதான்! கோடானுகோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே ஏரித் தண்ணீர் கரைக்கு வந்து வந்து போயிருக்கிறது. பொறியாளர் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

தலைவர் வெகுநேரம் படத்தையே பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 11
பயணத் திட்டக் கூட்டம். சரிவில் இறங்குவது ரத்து. தலைவர் வரைபடத்தை என் பக்கம் தள்ளினார்.

"சொல்லுங்கம்மா, ஏரிக்கரை எந்தப் பக்கம் போகுது?"

வடக்கே விரல் வைத்தேன். நாளைக்கு வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறது.