எத்தனை லிவர்?

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

பூட்டுக் கடையில் இப்போது அரத்தால் சாவி ராவுவதோடு, சாவி தொலைந்த லிவர் பூட்டைத் திறக்கவும் பழக்குகிறார்கள். ஒரு கம்பியால் லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் உள்ளே இருக்கும் லிவர் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் எல்லாம் இறுகிவிடும். நேற்று நான் அழுத்திய அழுத்தில் கம்பி முறிந்து கட்டைவிரலில் ஏறிவிட்டது. சின்னக் காயம்தான், அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

"பூட்டு மேல என்னய்யா கோபம்? கோபத்தை வீட்டுல வெச்சிட்டு வா" என்று மேஸ்திரி கத்தினார். வீட்டில் வைக்க எனக்கு ஏது இடம்? என் அறைக்கு அண்ணன் பூட்டுப் போட்டுவிட்டதையும், உங்கள் சின்ன மருமகள் சமையலறையில் பாய் விரித்துப் படுப்பதையும் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன கடிதத்தில் நீங்கள் மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள்.

பதில் போடும்போது அம்மாவையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவள் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே எழுதட்டும். இங்கே எல்லோருக்கும் நான் வெறும் "ஏய்"தான்.

அண்ணனிடம் சாவி கேட்டு நீங்கள் சங்கடப்பட வேண்டாம். பூட்டின் மேலேயே எத்தனை லிவர் என்று பொறித்திருக்கும். அதை மட்டும் பார்த்து எழுதுங்கள். ஊருக்கு வருவதற்குள் பழகிவிடுகிறேன்.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உங்கள் இளைய மகன்