நீ பூட்டவில்லை அம்மா, வயர்தான் பூட்டியது

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

நீ போனபிறகும் உன்மேல் ஒரு வழக்கு நடந்தது. தீர்ப்பைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் வெள்ளைக் காருக்கு வெளிக்கடையில் கொடுத்து, நாலு கதவையும் ஒரே அமுக்கில் பூட்டும் சென்டர் லாக் போட்டாய் இல்லையா? போன மாசம் முதல் அது தன்னிஷ்டத்துக்குப் பூட்டத் தொடங்கியது. வடசேரிச் சந்தையில் அப்பா இறங்கிக் கதவைச் சாத்தினார். நாலு கதவும் டக். சாவி உள்ளே, சாளை மீன் உள்ளே, அப்பா வெளியே. மெக்கானிக் வந்து திறப்பதற்குள் மீனுக்கே பொறுமை போய்விட்டது.

முதலில் பழி யார்மேல் விழும்? ஜன்னலுக்குப் பின்னால் நின்று ரிமோட்டை அமுக்கி, அத்தை ஏறும்போதெல்லாம் பூட்டி விளையாடியவள் நான்தானே. (நீயும் சிரித்தாய், மறக்காதே.) அப்பா ரிமோட்டுகளைப் பிடுங்கி பேட்டரியைக் கழற்றி வைத்தார். மறுநாளும் டக். என் பேர் சுத்தமானது, உன் பேர் கெட்டது.

"அவ ஆசப்பட்டு வாங்கின வண்டில்லா? விட்டுப் போவ மனசில்ல. ஜெபம் பண்ணி வித்திரு," என்றாள் அத்தை. அப்பா மறுக்கவில்லை. கொட்டாரம் ஊரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வருவதாக முடிவானது.

சனிக்கிழமை முற்றத்தில் அத்தை காரைச் சுற்றி வந்து ஜெபித்தாள். ஆமென் சொல்லி, திறந்திருந்த டிரைவர் கதவைச் சாத்தினாள். டக்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"அப்ப அவதான்!"

"அம்மா வந்தா மொதல்ல என் கணக்கு மார்க்கக் கேப்பா அத்தே. சும்மா கதவப் பூட்டிட்டு நிக்க மாட்டா."

"ஏட்டி, வாய மூடு."

"காரே மூடிட்டு. நான் வேறயா?"

சிரிப்புக் காட்டினாலும் உள்ளே கொதித்தது. யார் வந்தாலும் கதவைத் திறந்து சோறு போட்டவள் நீ. செத்தபிறகு அப்பாவை நடுச்சந்தையில் வெளியே நிறுத்துவாயா?

சாவியை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாகச் சாத்திப் பார்த்தேன். மற்ற மூன்றையும் ஓங்கி அடித்தாலும் ஒன்றுமில்லை. டிரைவர் கதவில் மட்டும் டக். ஆவிக்கு எந்தக் கதவானால் என்ன? அந்தக் கதவை மெல்ல அசைத்தேன். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போதுதான் பூட்டியது. கீல் பக்கம் குனிந்து பார்த்தேன். பூட்டு மாட்டியவர்கள் வயரை ரப்பர் குழாய்க்குள் விடாமல் வெளியே விட்டிருந்தார்கள். கீலில் நசுங்கித் தோல் உரிந்து, செம்பு தகரத்தில் படும்போதெல்லாம் நாலு கதவுக்கும் 'பூட்டு' என்று உத்தரவு போயிருக்கிறது. இத்தனை வம்புக்கும் காரணம் இத்தனூண்டு செம்பு.

கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது அம்மா. ஒரே ஒரு டக்காவது நீயாக இருந்திருக்கக் கூடாதா?

கார் பேட்டரி இணைப்பைக் கழற்றி, டேப் சுற்றி, வயரைக் குழாய்க்குள் விட்டேன். திரும்ப மாட்டிவிட்டுக் கை வலிக்கும்வரை கதவைச் சாத்தினேன். ஒரு டக்கும் இல்லை.

"ஆண்டவரு ஜெபத்தக் கேட்டுட்டாரு," என்றாள் அத்தை.

"டேப்பு சுத்தின பொறவுதான் கேட்டாரு அத்தே." அப்பா பக்கம் திரும்பினேன். "இனி எதுக்கு விக்கணும்?"

அவர் டிரைவர் கதவைத் திறந்து, ஏறாமலே சாத்தினார். "பூட்டுக்காக இல்ல மக்ளே. ஒவ்வொரு தடவையும் அவ சீட்டுல ஏறி இருக்கதுக்கு மனசு தாங்கல்ல."

அதற்கு எந்த டேப்பைச் சுற்றுவது?

"அப்ப அதுல நான் இருக்கேன். அடுத்த வருசம் லைசன்ஸ் எடுப்பேன். அதுவர சீட்ட வேற யாருக்கும் குடுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை கொட்டாரத்துக்காரர் வந்தார். காப்பி குடித்தார். "வண்டி குடுக்கதுக்கு இல்ல," என்றார் அப்பா. வந்தவரை உன் காரிலேயே, உன் சீட்டில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டில் கொண்டு விட்டுவிட்டு வந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன். இந்த வண்டியை விற்க விடமாட்டேன். லைசன்ஸ் வாங்கிய அன்றைக்கே கல்லறைத் தோட்டத்து வாசல்வரை ஓட்டி வருவேன். வழியில் அத்தையை ஏற்றும்போது ஒரு தடவை டக் கேட்கும். நான்தான் என்று நானே சொல்லிவிடுவேன். உன் பேரை இனி யாரும் இழுக்க முடியாது.

சாவியைத் தன் தலையணைக்கடியில் வைத்திருக்கும் உன் மகள்,
ஜெனி