வாய்க்கால் வாயில் சிமெண்டு

மச்சான்,

இன்று காலை நம் குளத்தங்கரையில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. மோப்பத்தில் எனக்கு நிகர் கிடையாது, உனக்குத் தெரியும். சேலையூரில் மழை விழுந்தால் செம்பாக்கத்தில் நின்றே சொல்பவன் நான். கிட்டே போய்ப் பார்த்தேன். நீயும் நானும் விட்ட கட்லா மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

நீ போன பிறகு காலனி சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டார். போடும்போது மழைத் தண்ணீர் வரும் வாய்க்காலின் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். குளம் வற்றி, மீன்கள் நீந்த மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியது. நாளை நடைபாதைத் திறப்பு விழா. குளம் அரைகுறையாகக் கிடந்தால் போட்டோ நன்றாக வராதாம். நேற்று குடிதண்ணீர் லாரியை வரவழைத்து, மருந்து போட்ட தண்ணீரை அப்படியே இறக்கிவிட்டார்.

"மனுஷன் குடிக்கிற தண்ணியே குடுத்தோம் அங்கிள், இதுக்கு மேல என்ன பண்றது?" என்று என்னையே கேட்கிறார்.

நம் வாத்துகளுக்கு இருந்த புத்திகூட அவருக்கு இல்லை. அவை விடிவதற்குள் வரிசையாகக் கிளம்பி, வேளச்சேரி ரோட்டைக் கடந்து ஏரிக்குப் போய்விட்டன. பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் நின்று வழி விட்டனவாம். ஒரு டிரைவர் சல்யூட் அடித்தார் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் குளத்துக்காகச் சங்கத்தில் போட்ட முதல் கூட்டம் நினைவிருக்கிறதா? எத்தனை மீன் விடலாம், எத்தனை வாத்து வாங்கலாம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ரயில்வேயில் ரிட்டையர் ஆன கையோடு வந்த நீ எழுந்து நின்றாய். "மீன் கெடக்கட்டும்யா. சித்திரையில தண்ணி எங்கேர்ந்து வரும்? அத சொல்லிட்டு மீன் வாங்கு." நான் மட்டும் கை தட்டியிராவிட்டால் உன் பேச்சு அன்றே எடுபட்டிருக்காது.

அப்புறம் மேடு பள்ளம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தோம். வரைபடம் உன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். சரிவைச் சொன்னது என் கால். எட்டாவது தாண்டாத கால்தான். ஆனால் தாம்பரத்திலிருந்து நாவலூர் வரைக்கும் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதைக் கேட்டுத்தான் ஓடும்.

வாத்துகள் காலனி கேட்டுக்குப் பக்கத்தில், மீன் குளத்துக்கு மேட்டுப் பக்கமாக இருக்கட்டும், பார்க்க அழகு என்றார் அப்போதைய செயலாளர். "வாத்து கழுவுன தண்ணியில மீன குடித்தனம் வெக்கச் சொல்றியா? உன் வூட்டு பாத்ரூம் தண்ணிய கிச்சனுக்குத் திருப்பி வுட்டா காபி போட்டுக் குடிப்பியா?" என்றாய். மனுஷன் ஒரு மாதம் உன் தெருப் பக்கமே வரவில்லை. மேலே வண்டல் படியும் குழி, அடுத்து மீன், கீழே வாத்து, மிச்சம் ஏரிக்கு. கோடையில் போர்வெல்களெல்லாம் காற்றை இருமியபோதும் நம் குளத்தில் தண்ணீர் நின்றது. பார்க்க ஒரு வெள்ளைக்காரர்கூட வந்தார். வரவில்லை என்று சொல்பவர்களோடு நான் பேசுவதில்லை.

உன்மேலும் கோபம்தான். ஊருக்கெல்லாம் சித்திரையைக் கேட்டவன், உன் பிரஷர் மாத்திரையை மட்டும் மறந்து, போய்ச் சேர்ந்துவிட்டாயே. இவர்களோடு என்னைத் தனியாக மல்லுக்கட்ட விட்டுவிட்டாயே!

உயிரோடு துடித்த கொஞ்சம் மீன்களை அள்ளி வந்து வீட்டு டிரம்மில் விட்டிருக்கிறேன். "அப்போ நான் எதுல குளிக்கிறது, கூவத்துலயா?" என்கிறாள் உன் தங்கச்சி. மோட்டார் வைத்து லாரித் தண்ணீரை முழுக்கத் தென்னைகளுக்கு இறைத்தேன். பிறகு கடப்பாரையை எடுத்தேன்.

செயலாளர் ஓடி வந்தார். "அங்கிள், இது அசோசியேஷன் ப்ராப்பர்ட்டி. மீட்டிங்ல பேசிக்கலாம்."

"உன் மீட்டிங் வரைக்கும் மீன் மூச்சப் புடிச்சிகினு இருக்குமா? தள்ளி நில்லு சார், கால்ல பட்டுறப் போவுது!"

மூன்றே குத்து. சிமெண்டு பெயர்ந்தது. மூன்றுக்கு மேல் என்று யாராவது சொன்னால் பொறாமை. மதியம் மழை பிடித்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வண்டல் குழிக்குள் இறங்கியது.

குழிக்கும் குளத்துக்கும் நடுவில் இருக்கும் பலகையை இன்னும் தூக்கவில்லை. "தண்ணிக்குள்ள வுட்ட உள்ளங்கை தெரியற வரைக்கும் பலகையில கை வெக்காத" என்பாய். இப்போதுதான் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். விரல்கூடத் தெரியவில்லை. டிரம்மில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. காத்திருக்கிறேன்.

விழாவுக்கு முன்பு வாய்க்கால் வாயை மறுபடி பூசிவிடுவோம் என்று சங்கத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடப்பாரையை உள்ளே வைக்கவில்லை, வாசலிலேயே சாத்தியிருக்கிறேன். நீ பொறுக்கச் சொன்னது தண்ணீர் தெளியத்தான் மச்சான். இவர்களைப் பொறுத்துப்போ என்று எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.