பீரோ கலர் பெட்டி

இன்று காலை பத்து மணி இருக்கும், நீ நம் தெருவுக்குள் வந்தாய். "வெங்காயம்ம்ம்... பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம்! வெட்டும்போது அழுதா போதும்மா, வெலயக் கேட்டு அழ வேணாம், வாங்கம்மா வாங்க!" என்று கத்திக்கொண்டே வந்தாய். குட்டியானை வண்டியின் தலையில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கரில் இருந்துதான்.

சோப்புக் கையோடு வாசலுக்கு ஓடினேன். வீட்டில் வெங்காயம் கூடை நிறையக் கிடக்கிறது. அது வேறு விஷயம்.

வண்டிக்காரர் உனக்குத் தெரிந்தவர்தான், பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். என்னைப் பார்த்ததும் ஸ்பீக்கரை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். நீ போனதில் இருந்து என்னைக் கண்டால் நிறுத்திவிடுகிறார்.

"வுடுங்கண்ணே, ஓடட்டும்" என்றேன்.

"உனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னுதாம்மா..." என்று இழுத்தவர், தலையைச் சொறிந்தார். "நடுவுல வேற ஆளு கொரலு போட்டுப் பாத்தேன். ஒரு பொம்பள வெளிய எட்டிப் பாக்கல. உன் ஊட்டுக்காரரு கொரலு வந்தாத்தான் யாவாரம் ஆவுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்த பிறகும் வேலைக்குப் போகிற ஆள் இந்த ஊரில் நீ ஒருத்தன்தான்.

நாலு பேர் முன்னால் உன்னை வாங்க, போங்க என்பேன். வீட்டுக்குள் வா, போய்யா. இது வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுவது, அதனால் நீ என்றே எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் கை, எழுத்து கோணலாகத்தான் வரும். நீதானே படிக்கப்போகிறாய்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று கேட்டேன். அந்த ஸ்பீக்கர் என்னமாய் இரைகிறது தெரியுமா? கருவாடு வறுக்கிற மாதிரி உன் குரலைப் போட்டு வறுக்கிறது. இரைச்சல் இல்லாத பெட்டிதான் வேண்டும் என்று நாம் அன்றைக்கு அலைந்த அலைச்சல் என்ன, அது கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் என்ன!

இரும்பு அடிக்கிற கம்பெனியில் சம்மட்டி மிஷின் முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றாய். திடீரென்று ஒருநாள் கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நாலாம் நாள் எழுந்து, "எனக்கு இருக்கிறது கொரலு ஒண்ணுதாம்மே, அதை வெச்சுப் பொழைக்கிறேன்" என்றாய். பொய் இல்லை. கோயில் திருவிழாவில் குழந்தை காணாமல் போனால், மைக்கில் பேசக் கூப்பிடுவது உன்னைத்தான். காய்கறி வண்டிக்காரர்கள், மீன்காரம்மாக்கள், பாய் விற்கிறவர்கள் எல்லோருக்கும் ரெக்கார்டிங் செய்து கொடுக்கலாம், வீட்டிலேயே செய்யலாம் என்று கணக்குப் போட்டாய்.

பழைய கம்ப்யூட்டர் வந்தது. சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற உன் கூட்டாளி ஒரு மைக் கொடுத்தார். பீரோ கதவைத் திறந்துவைத்து, என் புடவைகளுக்கு நேராக மைக்கை நிறுத்தினாய், எதிரொலி வராதாம். பேசிப் பார்த்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி சின்னதாகக் கேட்டது.

"மைக்கு குடுக்கிற சத்தம் கொசு மாதிரி. அத ஆனை ஆக்கணும். அதுக்கு ப்ரீஆம்ப்னு ஒரு பெட்டி கீது" என்றாய். "ஆனா நல்ல பெட்டியா இருக்கணும். மட்டமான பெட்டின்னா கொசுவோட சேத்து குப்பையும் ஆனை ஆயிடும்."

நல்ல பெட்டி எது என்று யார் கேட்டுச் சொல்வது? உன் காதுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். பேச்சு கேட்கும், லாரி கேட்கும், இடி கேட்கும். மெல்லிசான சத்தம் மட்டும் கேட்காது. கேஸ் அடுப்பு பற்றாமல் உஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும், நீ பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பாய். கொசு காதுக்குள் வந்து பாடினாலும் கடித்த பிறகுதான் அடிப்பாய். தூங்கும்போதும் சும்மா இருக்கும்போதும் உன் மூக்கு விசில் அடிக்கிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்மே. நான் கேட்டதே இல்ல" என்று சண்டைக்கு வருவாய்.

நீ அதை வெளியே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரெக்கார்டிங் போடுகிறவனுக்குக் காது மந்தம் என்று தெரிந்தால் யார் நம் வாசலுக்கு வருவார்கள்? கையில் ஒரு பெட்டிக்குத்தான் காசு. தப்பானதை வாங்கிவிட்டால் அதோடு சரி, மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாய். எனக்கு அந்தப் பயம்தான்.

பெட்டி வாங்க சென்னைக்குக் கிளம்பியபோது, "பை புடிக்க ஆள் வேணும், வா" என்று என்னையும் கூப்பிட்டாய். ஒரு பெட்டி தூக்க ரெண்டு பேரா என்று கேட்டதற்கு, முறைத்தாய். பூப்போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

கடைக்காரர் நாலு பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. விலையைக் கேட்டதும் அதை நீ தொடக்கூட இல்லை, சூடான பாத்திரம் மாதிரி கையை இழுத்துக்கொண்டாய். அடுத்ததில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கூட்டுகிற குமிழை முழுசாகத் திருப்பி, கண்ணை மூடினாய். "இது அடியில உம்முனு மொனகுது. கரண்ட்டு மொனகல். வேணாம்." கடைக்காரர் முகத்தில் மரியாதை வந்துவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்தது பளபளவென்று பச்சை லைட் எரிகிற பெட்டி. விலையும் குறைவு. "இதான் சார் நல்லா போவுது" என்றார். நீ மாட்டினாய், முழுசாகத் திருப்பினாய், ரொம்ப நேரம் கேட்டாய்.

"நல்லா கீற மாதிரிதான் கீது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "இந்தாம்மே, நீயும் ஒரு வாட்டி மாட்டிப் பாரு. ஆசைக்கு."

"அக்காதான் பாடப்போறாங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

மாட்டினேன். ஸ்ஸ்ஸென்று காதுக்குள் பாம்பு புகுந்த மாதிரி இருந்தது. நான் பிளாஸ்டிக் கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். காற்றுக் குழாய் எங்கே ஒழுகினாலும், சூப்பர்வைசர் சோப்புத் தண்ணீர் கொண்டுவருவதற்குள், நான் நின்ற இடத்தில் இருந்தே கையைக் காட்டிவிடுவேன். அதே சத்தம்.

உன்னைப் பார்த்தேன். பரீட்சை பேப்பர் வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நின்றிருந்தாய். இரைகிறது என்று நான் சொன்னால், கடைக்காரர் உன் காதைப் பற்றித் தெரிந்துகொள்வார். சொல்லாவிட்டால் பெட்டி பையில் ஏறிவிடும்.

"ஏங்க, இந்தப் பச்ச லைட்டு எனக்குப் புடிக்கல" என்றேன்.

"லைட்டா?" என்றார் கடைக்காரர்.

"கண்ணு கூசுது. ஊட்டுல வெச்சா நல்லா இருக்காது. அந்தச் சாம்பல் கலர் பெட்டியக் காட்டுங்க."

"இன்னாக்கா, பொடவ எடுக்க வந்த மாதிரி கலரு பாக்கறீங்க!"

அது கனமான, அழகே இல்லாத பெட்டி. யாரும் வாங்காமல் மேலே தூசி. குமிழை முழுசாகத் திருப்பினேன். ஏரித் தண்ணீருக்குள் முங்கினதும் ஊர்ச் சத்தமெல்லாம் நின்றுபோகுமே, அப்படி இருந்தது. திருப்பினேனா இல்லையா என்று குமிழை மறுபடியும் பார்த்தேன்.

"இதான். எங்க ஊட்டு பீரோ கலர்" என்றேன்.

நீ தலையில் அடித்துக்கொண்டாய். "பாத்தீங்களா சார்? பொண்டாட்டியக் கூட்டிக்கினு வந்தா இதான் பேஜாரு. பீரோ கலராம்! போடுங்க, இல்லன்னா ஊட்டுல சோறு கெடைக்காது." கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கலர் பார்த்து மிஷின் வாங்குகிற பைத்தியக்காரி என்று என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாய். பொன்னேரி தாண்டியது. அப்புறம் வெளியே பார்த்தபடியே கேட்டாய்.

"அந்தப் பச்ச லைட்டு எவ்ளோ எரைஞ்சுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன்னையே பார்த்தேன்.

"ஆசைக்கா உன்ன மாட்டச் சொன்னேன்? பை புடிக்கவா கூட்டிக்கினு வந்தேன்?" என்றாய். "கம்பெனியில வருஷா வருஷம் காதுக்கு டெஸ்ட்டு வெப்பாங்க. சத்தம் கேட்டா கையத் தூக்கணும். எனக்குக் கேக்காது. அந்த டெஸ்ட்டு எடுக்கிற அம்மா வெரலு பட்டன அழுத்தறதப் பாத்துக் கையத் தூக்கிடுவேன். அவங்கள ஏமாத்திட்டேன். உன்ன ஏமாத்த முடியல பாரு."

"காத்து ஓஸ் பிச்சிக்கினா வரும் பாரு, அப்படி எரைஞ்சுதுய்யா" என்றேன்.

நீ சிரிக்க ஆரம்பித்தாய். "பச்ச லைட்டு கண்ணு கூசுதாம்!" நானும் சிரித்தேன். எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா எதற்கென்றே தெரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் புடவை மாற்றக்கூட விடவில்லை. பெட்டியைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, குமிழை முழுசாகத் திருப்பி, ஹெட்போனை என் தலையில் மாட்டினாய். சும்மா இருந்தால்தான் பெட்டியின் லட்சணம் தெரியும் என்று, பேசாமல் ஒரு நிமிஷத்தை ரெக்கார்டிங் செய்தாய். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகூட அந்த நேரம் பார்த்து வரவில்லை. மைக்குக்கு ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான், நடுவில் என் புடவைகள். "இன்னா கேக்குது?" என்று கடைசியில் கேட்டாய். "ஒண்ணும் கேக்கல." "ஒண்ணுமே?" "ஒண்ணுமே இல்லய்யா!" நீ சிரித்த சிரிப்பில், சத்தம் அளவு மீறினால் எரிகிற சிவப்பு லைட் பெட்டியில் எரிந்தது. அதை அழிக்காமல் 'சும்மா' என்று பேர் போட்டு வைத்தாய்.

அதற்கப்புறம் நம் வாசலில் வண்டிகள் நின்ற கதை உனக்கே தெரியும். பேசுவது நீ, குமிழைப் பிடிப்பது நான். எவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. போன வாரம்கூட கருவாட்டுக்காரம்மா வந்தது. இப்போது பேசுவதும் நான், குமிழும் நான். நீ கேட்டால் சிரிப்பாய், கருவாடு வாங்க என்று நான் கூப்பிட்டால் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

இன்று வெங்காய வண்டி போன பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, 'சும்மா'வைப் போட்டேன். அன்றைக்கு என் காது பெட்டியின் இரைச்சலை மட்டும்தான் தேடியது. இன்று உன்னைத் தேடியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம், மூச்சை அடக்கி அடக்கி நீ மெதுவாக விடுகிறாய். அந்த மூச்சின் நுனியில் மெல்லிசாக, நூல் மாதிரி, ஒரு சத்தம். பச்சை லைட் பெட்டியாக இருந்திருந்தால் அது அந்த இரைச்சலிலேயே முங்கிப் போயிருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போட்டேன். பொய் சொல்கிறேன் என்று எத்தனை வருஷம் என்னோடு சண்டை போட்டாய். இதோ, பெட்டியில் இருக்கிறது. உன் மூக்கு விசில்தான் அடிக்கிறதுய்யா.