அண்ணன் நிறுத்திவிட்டானாம்

பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. இங்கே நலமில்லை. அங்கே நீ நலம் என்று நீ சொல்லிக்கொள்கிறாய், அதற்குப் பிறகு வருகிறேன். மருமகளும் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றை மட்டும் மனதார எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் போதும், அம்மா மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், உன் மீட்டிங் முடியட்டும் என்று காத்துக் காத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பேப்பரை அப்படித் துண்டிக்க முடியாது பார். நம் தையல் கடையில் சட்டைக்குக் காஜா எடுக்கிற பெண் இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புவாள். அவள் படிப்பாளே என்று பதறாதே, படிக்கட்டும். வெட்டு மேஜையில் பள்ளிக்கூடச் சட்டைத் துணியை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறேன், ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது, அதையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் வயிறு எப்படி எரிகிறது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

முந்தாநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போட்டுத் தம்பியிடம் என்னடா சொன்னாய்? நீ வைத்த கையோடு அவன் ராத்திரி மாத்திரையை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் ஷூவைக் கொடுங்க, நான் கிளம்பணும் என்று கேட்டிருக்கிறான். அங்கே அவனுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாயாம், டிக்கெட் போட்டுவிட்டாயாம், ஞாயிற்றுக்கிழமை ஏறி வந்துவிட வேண்டுமாம். டாக்டர் சொல்லைக் கேட்காமல் கூட்டிப் போகிறோம் என்று வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் அவனை விட்டுவிடுவார்கள். நான் போடமாட்டேன் என்றேன். உன் அப்பா போடுவார். சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு நேற்றிலிருந்து புது மாப்பிள்ளை போல் உலாத்துகிறார். ஏங்க, அவன் உயிருங்க என்றால், பெரியவன் சொல்லிட்டான்ல, அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது என்கிறார். பெரியவன் சொன்னால் இந்த வீட்டில் சுவர்கூட நகரும். நீ சொன்னதைக் கேட்டுத்தான் போன மாதம் என் பிள்ளை சாகக் கிடந்தான், அதற்குள் மறந்துவிட்டதா உங்கள் இருவருக்கும்?

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். என் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் என்று நான் அவள் வீட்டில் போய் இருந்தேன். அன்றைக்குத் தம்பி லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் குடித்துவிட்டு, மேல்மாடி லிஃப்ட் கதவைத் திறந்து போட்டபடியே இறங்கி வந்துவிட்டான், யாரும் விழவில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கம்பெனிக்காரர்கள் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்பா உனக்குப் போன் போட்டார். ரூமில் போட்டுப் பூட்டுங்க, ஒரு சொட்டு கொடுக்காதீங்க, கத்தினா காதைப் பொத்திக்குங்க, நான் அப்படித்தான் நிறுத்தினேன் என்று நீ சட்டம் பேசினாய். அவரும் பூட்டினார். குடி மட்டுமா, லிஃப்ட் குழியில் விழுந்து இடுப்பு போன நாளிலிருந்து அவன் முழுங்கிய வலி மாத்திரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார். உள்ளே அவன் நடுங்குகிறான், வாந்தி எடுக்கிறான், அப்பா கதவைத் திறங்க என்று கெஞ்சுகிறான், இவர் வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டு உனக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் செய்தி சொல்கிறார். நடிக்கிறான், விட்டுடாதீங்க என்றாயாம். மறுநாள் சத்தம் நின்றுவிட்டது. அடங்கிட்டான் என்று இவருக்குச் சந்தோஷம். கதவைத் திறந்தால் கட்டில் காலில் மண்டை இடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வலிப்பில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடக்கிறான்.

அதற்கு மேலும் ஒரு கூத்து நடந்தது, அதை அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். எமர்ஜென்சியில் இருந்த சின்ன டாக்டர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டிருக்கிறார், மருந்து ஏதாவது சாப்பிடுறாரா என்று. நம் வீட்டில் மருந்து என்றால் என்னடா? முதல் லீவில் வந்தபோது பெட்டியில் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நீ வைத்த பெயர்தானே அது? மருந்து ஆச்சா, மருந்து இருக்கா, மருந்துக்கு நேரமாச்சு என்று மூன்று ஆம்பளைகளும் என் மூக்குக்குக் கீழேயே சிரித்துக்கொண்டு திரிந்தீர்களே. வாய் பழகிப்போன இவர், ரொம்ப வருஷமா சாப்பிட்டுக்கிட்டிருந்தான் டாக்டர், நேத்துலேர்ந்து நாங்கதான் மருந்தை நிறுத்திட்டோம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பழைய வலிப்பு நோயாளி, வலிப்பு மருந்தை வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று எழுதி, அப்பாவை நாலு திட்டும் திட்டி, அதற்கான வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டது. குடி என்ற வார்த்தை இவர் வாயில் வரவே இல்லை. மானம் போய்விடுமாம்! நான் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது தம்பிக்கு மூளை கலங்கியிருந்தது. கட்டில் கம்பியை அழுத்தி அழுத்தி எந்த மாடி, எந்த மாடி என்கிறான், மேலேர்ந்து வெயிட்டு இறங்குது, தலைய எடுங்க என்று நர்ஸைப் பார்த்துக் கத்துகிறான், என்னைத் தெரியவில்லை. ஐயோ இவன் குடிகாரன் டாக்டர், என் பிள்ளை குடிகாரன் என்று வார்டு நடுவில் நின்று நான்தான் கத்தினேன். அதன் பிறகுதான் சரியான டாக்டர் வந்தார், சரியான மருந்து ஏறியது. நீ பெயர் வைத்த மருந்து இல்லை, நிஜ மருந்து.

அந்த டாக்டரம்மா என்னையும் விட்டுவைக்கவில்லை. கூட்டிப் பெருக்குகிறவர் போல ஒரு கான்வாஸ் ஷூ, பேச்சில் சர்க்கரை கிடையாது. அவரை எனக்குப் பிடிக்கும் என்று நினைக்காதே, பிடிக்கவில்லை. அவர் வார்டு வாசலில் என் பையைக் கொட்டிக் கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்தார்கள், நான் கத்தரி இல்லாமல் வெளியே போனதே இல்லை. மவுத்வாஷ், இருமல் டானிக், முகத்துக்குப் போடும் லோஷன் எதுவும் உள்ளே போகாது, அதிலெல்லாம் சாராயம் கலந்திருக்குமாம். மாத்திரையை முழுங்கினானா என்று நாக்கைத் தூக்கிப் பார்க்கிறார்கள், சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல. எனக்கு ஆத்திரம். ஆனால் அவர் சொன்னதைக் கேள். குடிங்கறது பல வருஷமா மூளையை அழுத்திக்கிட்டிருந்த ஒரு கை, மூளை அதை எதிர்த்து முட்டி முட்டியே பழகிடுச்சும்மா, கையைச் சட்டுனு எடுத்தா முட்டின வேகத்துல அதுவே தறிகெட்டு ஓடும், அதுதான் நடுக்கம், வலிப்பு, பிதற்றல், இதுல ஆள் செத்தும் போகும் என்றார். அதனால் அந்தக் கைக்குப் பதில் ஒரு மாத்திரையை வைத்து, தினமும் கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்து, நாடி பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். வைட்டமின் ஊசி போடாமல் விட்டிருந்தால் ஞாபக சக்தியே போயிருக்குமாம். வலி மாத்திரையைத் தனியாக வேறு கணக்கில் இறக்குகிறார், இடுப்பு வலிக்கு எலும்பு டாக்டரைக் கூட்டி வந்து காட்டினார். நாம் யாராவது அந்த இடுப்பை ஒரு நாளாவது பார்த்தோமா? குடிகாரன் என்று திட்ட மட்டும் தெரிந்தது.

நீ என்ன சொல்கிறாய்? ஒரு போதைக்கு இன்னொரு போதை என்கிறாய். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்கிறாய். மனசு வைத்தால் முடியும், இது எல்லாம் பணம் பிடுங்கும் வேலை என்கிறாய். நடுக்கம் நின்றுவிட்டது, சாப்பிடுகிறான், தூங்குகிறான், இனிமேல் என்ன என்று அப்பாவையும் உசுப்பிவிடுகிறாய். அதைத்தான் நானும் டாக்டரிடம் கேட்டேன். இப்பதான்மா தீயை அணைச்சிருக்கோம், வீடு இன்னும் கட்டலை என்றார். ஆசை எழும்பாமல் இருக்க இப்போதுதான் ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார், தினம் ஒரு கவுன்சிலிங் அம்மா உட்கார்ந்து அவனிடம் பேசுகிறார், இந்த நேரத்தில் விட்டுப் போய்க் குடித்தால் பழைய அளவை உடம்பு தாங்காது, மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும் என்றார். தூக்கத்திலேயேவா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் போடுகிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. நேற்று அவனைப் பார்க்கப் போனேன். வார்டு ஜன்னல் பக்கம் பெஞ்சில் ஷூ இல்லாத காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏன்டா போறேங்கறே, இவ்வளவு பட்டும் புத்தி வரலையா என்று கேட்டேன். என்னிடம் சண்டைக்கு வருவான் என்றுதான் நினைத்தேன். அவன் அழுதான். அண்ணன் ஒரே நாள்ல நிறுத்திட்டான்மா, ஆஸ்பத்திரியும் இல்லை டாக்டரும் இல்லை, மனசு வச்சான் நிறுத்திட்டான், எனக்கு மட்டும் ஏன்மா முடியல, நான் மனுஷனே இல்லையா, அண்ணன்கிட்டப் போயி அவன் மாதிரி நிறுத்தப் போறேன் என்றான். வேலைக்காக இல்லையடா, வேலைக்காக இல்லை, உன்னைப் போல ஆகவேண்டும் என்று கிளம்புகிறான்! உண்மை எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஏன் விழுங்கினேன் தெரியுமா, உன் மானத்துக்காக.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே, எத்தனை நாளைக்கு? போன வாரம் மருமகள் பேசினாள். குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பேசினாள், உனக்குக் கேட்கக்கூடாதாம். அத்தை, அந்த டாக்டர் மாதிரி இங்க யாரைத் தேடறதுன்னு கேட்டுச் சொல்றீங்களா என்றாள். யாருக்கும்மா என்றேன், அப்புறம் நான் எதுவும் கேட்கவேண்டி வரவில்லை, அவளே கொட்டினாள். கார் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் பாட்டில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பாட்டில். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே வேண்டியிருக்கிறதாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்றும் நினைக்காதே. வீடியோவில் டீ குடிக்கிறேன்மா என்றாய், டீக்குள் ஐஸ் கட்டி சலசலத்தது. நான் தையல்காரிதான், செவிடி இல்லை. இதைச் சொன்னாள் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டாய் என்றால், நான் ஏறி வந்து உன் வாசலில் உட்கார்ந்துவிடுவேன், என்னைத் தெரியும் உனக்கு. நீ குடிப்பது நோய், அதற்கு உன்னைத் திட்டமாட்டேன், அந்த டாக்டரிடம் அவ்வளவு படித்திருக்கிறேன். ஆனால் நிறுத்திவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யை வைத்துத் தம்பியைப் பூட்டவைத்து, அதே பொய்யைக் காட்டி இப்போது டாக்டர் கையிலிருந்தும் பிடுங்குகிறாயே, அது நோய் இல்லையடா, அயோக்கியத்தனம். அவன் நோயாளி என்றால் நீயும் நோயாளி ஆகிவிடுவாயே என்ற பயம். இவ்வளவுதான் உன் வீரம்.

நானே அவனிடம் சொல்லியிருப்பேன். சொன்னால் நம்பமாட்டான், அண்ணனைப் பற்றிக் கதை கட்டுகிறாள் அம்மா என்பான், அப்பாவும் ஆமாம் போடுவார். உன் வாயால் வந்தால்தான் நம்புவான். பெற்றவள் உன்னைத் திட்டிக்கொண்டே உன்னிடமே கையேந்தி நிற்கவேண்டியிருக்கிறது, என் தலையெழுத்தைப் பார். தம்பி, நான் நிறுத்தலைடா, என்னாலயும் முடியலை, நீ அங்கேயே இரு என்று சொல். அவ்வளவு போதும். டிக்கெட்டை ரத்து செய், அப்பாவிடம் பேனாவை உள்ளே வைக்கச் சொல். அதற்குப் பிறகு நீயும் ஒரு டாக்டரைப் போய்ப் பார், ரூமைப் பூட்டிக்கொண்டு நீயாக நிறுத்துகிறேன் என்று மட்டும் கிளம்பாதே, பார்த்துவிட்டேன் அந்தக் கூத்தை. பேத்திக்கு என் முத்தம், மருமகளுக்கு என் ஆசி நூறு. உனக்கும் ஆசிதான், பெற்றுவிட்டேனே, இல்லை என்று சொல்ல முடியுமா, நீண்ட ஆயுளோடு இரு, ஆனால் உன் தம்பியும் இருக்கவேண்டும்.

வார்டு போனில் நாளை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் பேசவிடுவார்கள், அப்பா கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருப்பது அதற்குப் பிறகு. நாலு மணிக்குப் பேசு. குடிக்காமல் பேசு. முடியாவிட்டால் குடித்துவிட்டாவது பேசு, உண்மையைப் பேசு.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்றவள்