பத்து அங்குலத்துக்கு ஒரு வாய்ப்பு

என் தைரியசாலி அம்மாவுக்கு,

வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அப்பாவை அழைத்து வரும்போது, ஓக் ட்ரீ ரோட்டில் நீளநீளமாக வெள்ளைக் கோடுகளைப் பார்த்தேன். வானத்தில் மேகமே இல்லை. அதற்குள், பனி ரோட்டில் உறையாமல் இருக்க உப்புத் தண்ணீர் தெளிக்கும் லாரி போயிருந்தது.

ஆமாம், இப்போது நான்தான் கார் ஓட்டுகிறேன். உனக்கு உடம்பு முடியாமல் போனபோது பள்ளியை விட்டேன் இல்லையா, நீ எங்களை விட்டுப் போன பிறகு லைசென்ஸ் எடுத்தேன். உன்னைவிட மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், சனிக்கிழமை இரண்டு அங்குலம் பனி என்று இருந்தது. மாடி வீட்டு ஜோசப் அங்கிள் அனுப்பிய படத்தில் இருபது. எதை நம்புவது? அரசாங்க வானிலைப் பக்கத்தைத் திறந்தேன். பெரும்பாலும் மூன்று அங்குலம், குறைந்தால் ஒன்றுமே இல்லை, மிஞ்சினால் பத்து. அந்தப் பத்துக்குப் பத்தில் ஒரு வாய்ப்பு. கீழே இருந்த விளக்கத்தை நான்கு முறை படித்தேன். மழைக்கும் பனிக்கும் நடுவிலான எல்லை நம் எடிசன் ஊர் மேலேயே நிற்கிறதாம். அது கொஞ்சம் தெற்கே இறங்கினால் போதும், எல்லாமே பனிதான்.

பால் வாங்கி வைக்க மூன்று அங்குலக் கணக்கு போதும். அப்பாவுக்கு? சனிக்கிழமை தவறினால் அடுத்தது செவ்வாய்தான். அதுவரை நுரையீரலில் நீர் சேராமல் இருக்குமா? அதனால் பத்தையே எடுத்துக்கொண்டேன்.

டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்ய வேண்டும். நீ என்றால் தெரிந்த நாலு வார்த்தை ஆங்கிலத்திலேயே அதட்டி வாங்கிவிடுவாய். நான் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். சனிக்கிழமை திறந்துதான் இருப்போம் என்றாள் அந்தப் பெண். நீங்கள் திறந்திருந்தாலும் எங்களால் வந்து சேர முடியாமல் போகலாம் என்றேன். அது தாளில் இல்லாதது, அம்மா. வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு இடம் கொடுத்தாள்.

இன்று நாங்கள் கிளம்பும்போது ஜோசப் அங்கிள் சிரித்தார். "என்னம்மா ஜெனி, வெயில் இப்படி அடிக்குது! இப்ப வந்த மேப்ல ரெண்டு இன்ச்சுதான். எதுக்கு அப்பாவ அலைய வைக்கிற?"

"வராமப் போனா சந்தோஷம் அங்கிள். வந்துட்டா ரோட்டுல மாட்டிக்குவோம்ல?"

அவரிடம் நான் இவ்வளவு பேசியது இதுதான் முதல் முறை. காரில் ஏறியதும் அப்பா, "உங்கம்மாவுக்கு மட்டும்தான் பயந்துட்டிருந்தேன். இப்ப உனக்குமா?" என்றார். எனக்கு அவ்வளவு பெருமை. சொல்லிக்கொள்ள உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சிகிச்சை முடிந்து அப்பா தூங்குகிறார். வெளியே இன்னும் ஒரு துளிகூட விழவில்லை. நாளை ஒன்றுமே வராவிட்டாலும், தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைக்க மாட்டேன். அப்பாவுக்கு ஒரு முறைகூடத் தவற விடமாட்டேன், இது சத்தியம்.

இதுவரை எழுதிவிட்டு, வெளியே போய், பனியில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாதபடி காரின் வைப்பர்களைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தேன்.

உன் மகள்,
ஜெனி